அபர்வானை ஒரே வரியில் கடந்துவிடலாமா?

ஆசிரியருக்கு,

வேல்ஸின் 1966-ஆம் ஆண்டு பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கார்மார்த்தன் இடைத்தேர்தலில் க்வின்வர் எவன்ஸ் வென்று வேல்ஸ் தேசியவாதக் கட்சியான ப்ளைட் கம்ரியின் முதல் எம்.பி. ஆனது, இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கும் செவர்ன் பாலம் திறக்கப்பட்டது எல்லாம் விரிவாக இருக்கிறது, சரி. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து அபர்வான் கிராமத்துப் பள்ளியையும் பக்கத்து வீடுகளையும் மூடி, 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்ததை ஒரே வரியில், அதுவும் வெறும் விபத்து என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊற்று நீர் ஓடும் இடத்தில்தான் அந்தக் கழிவைக் கொட்டினார்கள், ஊர்க்காரர்கள் முன்பே எச்சரித்தும் இருந்தார்கள். சுரங்கங்களை நடத்திய அரசு அமைப்பான தேசிய நிலக்கரி வாரியமே பொறுப்பு என்று விசாரணை ஆணையம் சொன்னது. ஆனாலும் யார் மீதும் வழக்கு இல்லை. அதைவிடக் கொடுமை, மிச்சமிருந்த கழிவு மேடுகளை அகற்றும் செலவுக்கு, மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை அரசு எடுத்துக்கொண்டது. 1997-இல்தான் அது திரும்பி வந்தது, அதுவும் வட்டி இல்லாமல்! அந்த ஆண்டின் அரசியல் இதுதான், தேர்தல் மட்டுமல்ல.

கார்டிஃபில் படித்த காலத்தில் அந்தக் குழந்தைகளைப் புதைத்த மலைச்சரிவுக் கல்லறைக்குப் போயிருக்கிறேன். வரிசையாக நிற்கும் வெள்ளை வளைவுகளில் வயதுகளைப் படித்துக்கொண்டே நடக்க முடியவில்லை. 2020-இல் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் என்ற ஊரிலும் பழைய கழிவு மேடு ஒன்று சரிந்தது. ஆகவே அந்த நிதி விவகாரத்தையும், இன்னும் அகற்றப்படாத மேடுகளையும் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை அக்டோபரில் வெளியிடுங்கள்.

— வாசகர், மதுரை