கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் காப்பகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் 'வழிதவறிய' பதின்வயதினரைத் திருத்துவதாகச் சொல்லும் தனியார் உறைவிடங்கள் பற்றி ஒரு வார்த்தை.

பல பிள்ளைகளின் கதை நள்ளிரவில் தொடங்குகிறது. பெற்றோர் காசு கொடுத்து அமர்த்திய ஆட்கள் படுக்கையிலிருந்தே எழுப்பிக் கூட்டிப்போகிறார்கள். அப்புறம் வீட்டுக்கு எழுதும் கடிதத்தை ஊழியர் படிப்பார். போனில் பேசும்போது பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருப்பார். பிள்ளை புகார் சொன்னால், "வெளியே வர நாடகமாடுவான், நம்பாதீர்கள்" என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். புகார் பெட்டிக்கே பூட்டுப் போட்டாயிற்று!

அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2007-லேயே எச்சரித்தது. 2005-இல் மட்டும் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர்கள் துன்புறுத்தல் சம்பவங்களில் சம்பந்தப்பட்டிருந்தார்கள் என்றது அதன் அறிக்கை. ஆனால் கூட்டாட்சிச் சட்டம் வர 2024 டிசம்பர் ஆனது, அதுவும் பாரிஸ் ஹில்டன் போன்ற தொலைக்காட்சிப் பிரபலம், பதின்வயதில் இத்தகைய உறைவிடத்தில் தான் பட்டதைச் சொல்லி நாடாளுமன்றப் படியேறிய பிறகு. பெயரில்லாத பிள்ளை சொன்னால் யார் கேட்டார்கள்?

சரி, சட்டம் என்ன செய்கிறது? முக்கியமாக, இந்த உறைவிடங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யச் சொல்கிறது. ஆராய்ச்சி வேண்டியதுதான், ஆனால் அது யாருடைய கதவையும் தட்டாது. யூட்டா மாநிலம் 2021-இல் செய்தது இதைவிட உருப்படியானது: ஆண்டுக்கு நான்கு முறை சோதனை, வாரந்தோறும் குடும்பத்தோடு தனிமையில் பேச உரிமை. எல்லா மாநிலங்களும் முதலில் அந்தப் போன் உரிமையையாவது கொடுக்கட்டும். சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்