எங்கட வாசிகசாலையில ஒரு விண்வெளி மியூசியம், கை குடுங்கோ

உறவுகளுக்கு வணக்கம். போன கிழமை வாசிகசாலைப் பின்னறையில பிள்ளையள் சோக்கட்டியால நிலத்தில ஒரு வட்டம் கீறினவை, குறுக்க ஏழரை அடி. 1961 ஏப்ரல் 12 மனிசரில முதன்முதல் விண்வெளிக்குப் போன யூரி ககாரின் இருந்து போன வொஸ்தொக் விண்கல உருண்டையின்ர வெளி அளவு அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பாத்திட்டு "இதுக்குள்ள இருந்தே மோனை அந்தப் பெடியன் உலகத்தைச் சுத்தினவன்?" எண்டு கேட்டா. ஓம் ஆச்சி, 108 நிமிசம், கடைசியில 7 கிலோமீற்றர் உயரத்தில கலத்தை விட்டு வெளியில வந்து தனிப் பரசூட்டில இறங்கினவர், அதே வருசம் டிசம்பரில இலங்கைக்கும் வந்து போனவர்.

அந்த உருண்டையை அதே அளவில செய்து அந்த அறையில வைக்கப் போறம், பிள்ளையள் உள்ளுக்க ஏறி இருந்து பாக்கவேணும். கம்பி வளைக்க எங்கட வெல்டிங் அண்ணா கூலி வேண்டாமெண்டிட்டார், கம்பிக்கும் பைபருக்கும் பெயின்ருக்கும்தான் காசு வேணும்.

மற்றது அப்பலோ 13 மேசை. 1970ல அந்த அமெரிக்க விண்கலம் நிலவுக்குப் போற வழியில ஒட்சிசன் தாங்கி வெடிச்சு மூண்டு பேரும் நிலவில இறங்கிற கலத்துக்குள்ள ஒதுங்கினவை, தாய்க்கலத்தில இருந்து எடுத்த, மூச்சுக்காத்தைச் சுத்தம் செய்யிற பெட்டி சதுரம், இறங்கிற கலத்தில அதைப் போடவேண்டிய ஓட்டை வட்டம், பிளாஸ்ரிக் பையும் மட்டையும் குழாயும் ரேப்பும் வைச்சு ஒட்டித்தான் உயிர் தப்பினவை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட எங்கட சனத்துக்கு இதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, ஆனா இப்பத்தைப் பிள்ளையளுக்கு அது ரெண்டுமே தெரியாது, அதால அந்த மேசையில மட்டையும் ரேப்பும் எப்பவும் கிடக்கும், அவையே பொருத்திப் பாக்கட்டும்.

நெசவு ஆலையில வேலை செய்து 1963ல தனிய மூண்டு நாள் விண்வெளியில பறந்த முதல் பொம்பிளை வலன்ரீனா தெரெஷ்கோவாவுக்கு ஒரு சுவர். திரும்பி வராத ஆக்களுக்கு ஒரு மூலை, 1967ல சோவியத் வீரர் கொமரோவ், 1971ல சோயுஸ் 11 கலத்தில மூண்டு பேர், 1986ல சலஞ்சர் விண்ணோடத்தில போனவை, 2003ல கொலம்பியா விண்ணோடத்தில ஏழு பேர், அதில கல்பனா சாவ்லாவும். அங்க ஒரு குத்துவிளக்கு மட்டும் போதும்.

ஆயிரம் ரூவா எண்டாலும் தாங்கோ, இல்லாட்டி ஒரு கண்ணாடி அலுமாரி, ஒரு நாள் வயறிங் வேலை. 1969ல நிலவில இறங்கின நேரத்துப் பேப்பர், முத்திரை ஆற்றையும் பெட்டகத்தில கிடந்தா தயவுசெய்து எறிஞ்சு போடாதேங்கோ, அதுதான் எங்களுக்குக் காசைவிடப் பெரிசு. ரசீது இல்லாமல் ஆரிட்டையும் காசு குடுக்கவேண்டாம், கணக்கு மாதாமாதம் வாசிகசாலைப் பலகையில ஒட்டுவம். ஞாயிறு பின்னேரத்தில நிர்வாகக் குழு அங்கதான் நிக்கும், வாங்கோ, சோக்கு வட்டம் இன்னும் அழியேல்லை.