ஞாயிறு வாசிப்புக் கூட்டம்: மூன்று புத்தகங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 4.30க்கு பி பிளாக் மொட்டை மாடியில் நம் வாசிப்புக் கூட்டம். மழை வந்தால் கீழே கமிட்டி அறை.

பேசப்போகும் புத்தகங்கள்:

1. தன்வரலாறு: பாமாவின் 'கருக்கு' (1992). அதன் பேச்சுமொழிக்காகவே ஓரிரு பக்கங்களைச் சத்தமாக வாசிப்போம்.

2. நாவல்: பெருமாள்முருகனின் 'பூக்குழி'. முடிவைக் குழுவில் எழுதிவிடாதீர்கள், சிலர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

3. கிராஃபிக் நாவல்: மர்ஜானே சத்ரபியின் 'பெர்சபொலிஸ்'. 1979 ஈரான் புரட்சியும் அடுத்து வந்த போரும் ஒரு சிறுமியின் கண் வழியே, முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படங்களில். "படக்கதைதானே" என்று தள்ளிவைத்தவர்கள் தயவுசெய்து முதல் இருபது பக்கமாவது பார்த்துவிட்டு வாருங்கள். வசனமே இல்லாத கட்டங்களில்தான் நிறைய இருக்கிறது. அவசரமாகப் புரட்டினால் அது பிடிபடாது. என்னைக் கேட்டால், இந்த மாதம் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான்.

செய்ய வேண்டியவை:

1. எந்தப் புத்தகம் பற்றிப் பேசுவீர்கள் என்று வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கே பதில் போடுங்கள். ஆளுக்கு 5 நிமிடம்.

2. கதைச் சுருக்கம் வேண்டாம். உங்களைத் தொட்ட இடம், ஒத்துக்கொள்ள முடியாத இடம், இவற்றைச் சொல்லுங்கள்.

3. இரவல் வாங்கிய பிரதிகளை மறக்காமல் கொண்டுவாருங்கள், அடுத்தவர் காத்திருக்கிறார்.

4. பிள்ளைகளும் வரலாம். ஆனால் மூன்றிலுமே வன்முறை பற்றிய பகுதிகள் உண்டு, பெரிய பிள்ளைகள் என்றால் நல்லது.

அப்புறம், அடுத்த மாதப் புத்தகத்துக்கு யோசனை இருந்தால் பதிலோடு சேர்த்தே எழுதிவிடுங்கள். வர முடியாதவர்களும் ஒரு வரி போட்டால் நாற்காலி எடுத்துப்போட வசதியாக இருக்கும்.