ஏரி எங்களுடையது, பணம் எங்கிருந்தோ

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அயலகக் கட்டுரையில் ‘அமெரிக்காவில் மக்களே நேரடியாகச் சட்டம் எழுதிக்கொள்கிறார்கள்’ என்று ஒரு வரி. ஒஹாயோ மாநிலம் டொலீடோவில் பதினாறு ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு, அதைப் படித்ததும் காபி தொண்டையில் இறங்கவில்லை.

2014 ஆகஸ்டில், எங்கள் ஊருக்குக் குடிநீர் தரும் ஈரி ஏரியில் நச்சுப்பாசி மண்டி, மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்றார்கள். கொதிக்க வைத்தால் நஞ்சு இன்னும் கூடுமாம். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கத் தண்ணீர் தேடி மிச்சிகன் எல்லை வரை அலைந்தேன். அன்று உங்களுக்கு எழுதிய கடிதம் இன்றுவரை அச்சேறவில்லை. போகட்டும்.

2019 பிப்ரவரியில், ஏரிக்கே ஒரு மனிதரைப் போலச் சட்ட உரிமை தரும் தீர்மானத்தை ஊரார் 61 சதவீத வாக்குகளுடன் நிறைவேற்றினார்கள். அதை எதிர்க்க பி.பி. எண்ணெய் நிறுவனம் மட்டும் 3 லட்சம் டாலர் இறைத்தது. மறுநாளே வழக்கு. ஓராண்டில் சட்டம் நீதிமன்றத்தில் மாண்டது.

2023-இல் நடந்த கூத்து இதைவிடப் பெரிது. ஆகஸ்டுத் தேர்தலுக்கு ஆள் வருவதில்லை, வீண் செலவு என்று சொல்லி அவற்றைப் பெரும்பாலும் ஒழித்த எங்கள் மாநிலச் சட்டமன்றமே, சில மாதங்களில் ஆகஸ்டிலேயே ஒரு வாக்கெடுப்பு வைத்தது. மக்கள் கொண்டுவரும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு இனி 60 சதவீத ஆதரவு வேண்டும், 88 மாவட்டங்களிலும் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். நவம்பரில் கருக்கலைப்பு உரிமைக்கான அத்தகைய ஒரு திருத்தம் வாக்கெடுப்புக்கு வரவிருந்ததுதான் இந்த அவசரத்துக்குக் காரணம். ஆதரவுப் பிரசாரத்துக்குப் பெரும்பணம் தந்தவர் ரிச்சர்ட் யூலைன், இல்லினாய் கோடீஸ்வரர். எதிரணிக்கும் வெளிமாநிலப் பணம் வந்தது, மறைக்கவில்லை. 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றதால் தப்பித்தோம்.

ஆனால் 2024-இல் ஒஹாயோவில் வந்த சட்டத்தைக் கேளுங்கள். வாக்கெடுப்புப் பிரசாரங்களுக்கு வெளிநாட்டார் பணம் தரக் கூடாதாம். கிரீன் கார்டுக்காரர்களும் அந்தக் கணக்கில் வெளிநாட்டாரே. இங்கே வரி கட்டி, இந்த ஏரித் தண்ணீரையே குடிக்கும் நான் பத்து டாலர் கொடுத்தால் குற்றம். இல்லினாயிலிருந்து லட்சக்கணக்கில் வந்தால் அது மக்களாட்சி!

தாங்கள் அறியாததல்ல. இனி இத்தகைய கட்டுரை வந்தால், பணம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஓரத்தில் ஒரு சிறு கட்டமாவது போடுங்கள். இதையும் 2014 கடிதத்தின் மேல் அடுக்கிவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பழைய சந்தாதாரர்,
டொலீடோ, ஒஹாயோ