பிலோவுக்கு, கிளாஸ்கோவிலிருந்து

அன்புள்ள பிலோ,

கிறிஸ்துமஸுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஏப்ரல் மாசம் பதில் எழுதுறேன். எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கோ. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. எனக்கு மூணு மாசமா நைட் டியூட்டி. மத்ததெல்லாம் நேர்ல. ஜூன்ல நீ மகளைப் பார்க்க லண்டன் வர்றேன்னு கேள்விப்பட்டதிலேர்ந்து எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜை முழுக்க மேப்தான். இவர் ஒரு ஓரமாத் தட்டை வச்சுச் சாப்பிடுறார்.

ஏட்டி, லண்டன்ல ஷாப்பிங் மாலையும் மணிக்கூண்டும் பார்த்துட்டுத் திரும்பிடாதே. ஒரு வாரம் எனக்குக் கொடு. ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்ல வரிசையாக் கிடக்குற தீவுகளுக்கு, அவுட்டர் ஹெப்ரிடீஸுக்கு, உன்னைக் கூட்டிட்டுப் போகணும். தெக்கே பாராவுல ஆரம்பிச்சு, எரிஸ்கே, சவுத் யுயிஸ்ட், பென்பெக்கூலா, நார்த் யுயிஸ்ட், பெர்னரே, ஹாரிஸ், கடைசில வடக்கே லூயிஸ். எரிஸ்கேயிலேர்ந்து பெர்னரே வரைக்கும் கடலுக்குக் குறுக்கே கல்லைக் கொட்டி ரோடு போட்டுட்டாங்க, கார்லயே போயிடலாம். ரோடு பாதிக்கு மேல ஒரே ஒரு வண்டி போற அகலம்தான். அங்கங்கே ஒதுங்க இடம் விட்டிருப்பாங்க. எதிர்ல வர்றவங்க ஒதுங்கி நின்னா ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்லணும். நான் நல்லாவே ஓட்டுறேன் இப்போ, பயப்படாதே.

பயம் உனக்கு ரோட்டுல இல்லைன்னு தெரியும்.

அதனாலதான் இந்த மேப்பை இத்தனை நாள் புரட்டினேன். வழக்கமா எல்லாரும் ஓபன்ங்கிற துறைமுகத்துலேர்ந்து பாராவுக்குக் கப்பல்ல போவாங்க. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், திறந்த கடல். போன வருஷம் நாங்க போறப்போ காத்து அதிகம்னு கப்பலை நிறுத்திட்டாங்க. ஓபன்ல ரெண்டு நாள் மழையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தோம். அதுக்கப்புறம் போன கப்பல்லயும் ஆட்டம் குறையலை. உன்னை அதுல ஏத்த எனக்கு மனசு வரலை. பெரியண்ணன் போனதிலேர்ந்து நீ பீச் ரோட்டுல கூட கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்னு எனக்குத் தெரியாதா?

ஆக, இப்படிச் செய்வோம். நானும் இவரும் காரோட கப்பல்ல முன்னாடி போயிடுறோம். நீ கிளாஸ்கோவுலேர்ந்து சின்ன விமானத்துல வா. பாராவுல அது வந்து இறங்குற இடம் கடற்கரை மணல்! நிஜமாத்தான் சொல்றேன். அலை வத்தினப்புறம்தான் ஓடுதளமே வெளியே வரும், அதனால கடல் ஏத்த இறக்கத்தைப் பார்த்துத்தான் நேரத்தையே போடுறாங்க. போன தடவை நான் நின்னு பார்த்தேன். ஈர மணல்ல சக்கரம் பட்டதும் ரெண்டு பக்கமும் தண்ணி விசிறிப் பறந்தது. காத்து திசையைக் காட்டுற காத்துப் பையைக் கம்பத்துல ஏத்திட்டாங்கன்னா மணல்ல யாரும் நடக்கக் கூடாது. அந்தக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் நான் நிப்பேன், பிளாஸ்க்ல காபியோட.

அதுக்கப்புறம் உனக்கு ரெண்டே ரெண்டு படகுதான். பாராவுலேர்ந்து எரிஸ்கேக்கு 40 நிமிஷம். பெர்னரேயிலேர்ந்து ஹாரிஸுக்கு ஒரு மணி நேரம், அது பாறைகளுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு மெதுவாப் போகும், கரை பக்கத்துலயே தெரியும். என் கையைப் பிடிச்சுக்கோ. புன்னக்காயல் தோணியில யாரு யாரு கையைப் பிடிச்சான்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை, இனியும் சொல்ல மாட்டேன்.

ஞாயித்துக்கிழமையை எரிஸ்கேயில வச்சிருக்கேன். வடக்கே லூயிஸ்லயும் ஹாரிஸ்லயும் ஓய்வு நாளை அவ்வளவு கண்டிப்பாக் கடைப்பிடிக்கிறவங்க, 2009 வரைக்கும் லூயிஸ்ல இருக்குற ஸ்டோர்னோவே துறைமுகத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை கப்பலே விடலை. தெக்கே இருக்குறவங்க உங்க ஆளுங்க, கத்தோலிக்கங்க. சவுத் யுயிஸ்ட்ல ரோட்டோரம் நம்ம ஊர் மாதிரியே மாதா கெபி வச்சிருக்காங்க. எரிஸ்கேயில 1903ல கட்டின மிக்கேல் அதிதூதர் கோயில் ஒண்ணு மேட்டு மேல இருக்கு. உள்ளே பீடத்தைப் பார்த்துட்டு நான் அப்படியே நின்னுட்டேன், பிலோ. பீடத்தைத் தாங்குறது ஒரு உயிர்காப்புப் படகோட அணியம். ஹெர்மிஸ்ங்கிற போர்க்கப்பலோட படகு அது. கூரான முன்பக்கம் சனங்களைப் பார்த்து நிக்குது, அதுக்கு மேல பீடம். 'அணியம்'ங்கிற சொல்லே உங்கப்பா வாயிலேர்ந்து கேட்டதுதான். கொழும்புக்குத் தோணி ஓட்டின தண்டல் அவர், இதைப் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பார்னு நினைச்சேன். உன்னைக் கூட்டிட்டு வரணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், அங்க வந்து திடீர்னு தெரிய வேண்டாம். ஸ்டோர்னோவே துறைமுக வாசல்ல ஒரு நினைவுத் தூண் இருக்கு. 1919 ஜனவரி 1, விடியுறதுக்கு முன்னாடி, முதல் உலகப்போர் முடிஞ்சு வீட்டுக்குத் திரும்பின லூயிஸ், ஹாரிஸ் ஆட்களோட வந்த அயோலேர் கப்பல் அங்கே பாறையில மோதிருச்சு. 201 பேர் போயிட்டாங்க. கரை அவ்வளவு பக்கத்துல. நெஸ் ஊர்க்காரர் ஒருத்தர், ஜான் மக்லவுட், கயித்தோட நீந்திக் கரையேறினதாலதான் 40 பேர் வரைக்கும் பிழைச்சாங்க. அந்த வீடுகள்ல ரொம்ப வருஷம் யாரும் அதைப் பத்தி வாயே திறக்கலையாம். படிச்சப்போ உன் நினைப்புத்தான். நீயும் பெரியண்ணன் பேரை எடுத்து எத்தனை வருஷமாச்சு? அங்கே போகணுமா வேண்டாமான்னு நீயே சொல்லு. வேண்டாம்னா ஊருக்குள்ள வேற வழியாத் திரும்பிடுவோம், நான் எதுவும் கேட்க மாட்டேன். திரும்பும்போதும் உனக்கு ஸ்டோர்னோவேலேர்ந்து விமானம்தான்.

கோடையில கப்பல்ல காருக்கு இடம் சீக்கிரம் நிரம்பிடும். அதனால வர்ற வியாழனுக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை போன்ல சொல்லு, உன் பாஸ்போர்ட்ல பேர் எப்படி இருக்குன்னும் அனுப்பு. அண்ணனும் வந்தா சந்தோஷம், பின் சீட்டுல இவரோட உட்கார்ந்துக்கட்டும். ஜூன்தானேன்னு பருத்திப் புடவையா எடுத்துட்டு வராதே, ஸ்வெட்டர் ரெண்டு வேணும். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனா காத்து உலுக்கும்.

மக்ரூன் ரெண்டு டப்பா. கைப்பையிலயே வச்சுக் கொண்டு வா, பெட்டியில போட்டா தூளாயிடும்.

உன்,
தங்கம்