போன் பெட்டியின் மேல் மென்பொருள் ஆதரவின் கடைசித் தேதியை அச்சிடச் செய்யுங்கள்: இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் பழுதுநீக்கக் குறியீடு (பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று காட்டும் மதிப்பெண்) ஒன்றை வகுக்க 2024 செப்டம்பரில் உங்கள் துறை அமைத்த நிபுணர் குழு, 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. பொருளை எவ்வளவு எளிதாகப் பிரிக்கலாம், பழுதுநீக்கத் தகவல் கிடைக்கிறதா, உதிரிபாகம் நியாயமான காலத்தில் வருமா, மென்பொருள் அப்டேட் உண்டா, என்ன கருவிகள் தேவை, எந்த வகைத் திருகுகள் என்று ஆறு அளவுகோல்களை அந்த அறிக்கை சொல்கிறது. பழுதுநீக்கும் கடைகளிலும் ஆண்ட்ராய்டு மென்பொருள் வேலையிலும் இருக்கும் நாங்கள் இதை மனதார வரவேற்கிறோம். ஆனால் மென்பொருளை மற்ற ஐந்தோடு கூட்டிச் சராசரி எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

காரணம் எளிது. டிஸ்ப்ளே காம்போ, பேட்டரி, சார்ஜிங் போர்டு, ஸ்பீக்கர், கேமரா என்று பழைய போனில் பழுதாகும் பாகங்களில் பெரும்பாலானவற்றை மாற்றிவிடலாம். உற்பத்தியாளர் தராவிட்டாலும் சந்தையில் ஏதோ ஒரு தரத்தில் கிடைக்கும். மென்பொருள் அப்படியில்லை. “புது சாப்ட்வேர் போட்டுத் தாங்க” என்று கேட்டு வருகிறவருக்கு எந்தக் கடையும் செய்து தரக்கூடியது, உற்பத்தியாளர் கடைசியாகக் கையொப்பமிட்டு வெளியிட்ட கோப்பைத் திரும்ப ஏற்றுவது மட்டுமே. அதற்கு மேல் ஒரு பதிப்பு வேண்டுமென்றால் அந்த நிறுவனம் மனது வைக்க வேண்டும். பழைய பதிப்புக்குத் திரும்பலாமா என்றால், பல போன்களில் அதைத் தடுக்கும் பூட்டு உண்டு. தெரியாமல் முயன்றால் போன் லோகோவிலேயே நின்றுவிடும், சிலவற்றில் முழுக்க டெட் ஆகிவிடும். ஐந்து அளவுகோல்களில் நல்ல மதிப்பெண் வாங்கி மென்பொருளில் பூஜ்யம் வாங்கிய போன், பழுதுநீக்கத் தகுதியானது என்ற முத்திரையோடு விற்கப்படுவது நுகர்வோருக்குத் தவறான தகவல்.

பெரிய பதிப்பு கிடைக்காவிட்டால் என்ன, ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு பேட்ச் வந்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். உங்கள் துறையிலும் அந்தக் கேள்வி எழலாம். இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. 2015 ஆகஸ்ட் முதல் கூகுள் மாதந்தோறும் ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அறிக்கை வெளியிடுகிறது. அதில் வரும் திருத்தங்களைக் கூகுள் எல்லாப் பழைய பதிப்புகளுக்கும் எழுதித் தருவதில்லை, அண்மைய சில பதிப்புகளுக்கு மட்டுமே தருகிறது. ஆண்ட்ராய்டு 12-க்கான திருத்தங்கள் 2025 மார்ச்சோடு நின்றன. அதன் பிறகு 12-லேயே விடப்பட்ட போனுக்குப் பேட்ச் வேண்டுமானால், உற்பத்தியாளரே ஒவ்வொரு திருத்தத்தையும் பழைய நிரலுக்குப் பொருந்தும்படி மாற்றி எழுத வேண்டும். மலிவு விலைப் போன்களுக்கு அதை யார் செய்வார்கள்? பெரிய பதிப்பை மறுத்தால் பாதுகாப்பும் சில ஆண்டுகளில் தானாக நின்றுவிடும்.

வாங்கியவருக்கு இது தெரிவதும் இல்லை. ஒரு போனின் நிலையை அறிய அமைப்புகளில் ‘போனைப் பற்றி’ பகுதிக்குப் போய், ஆண்ட்ராய்டு பதிப்பு என்பதைத் தொட வேண்டும். அங்கே இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட், மற்றது கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட். இரண்டாவது தேதி அண்மையதாக இருப்பதைப் பார்த்துப் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் அது ஆண்ட்ராய்டு 10-இல் வந்த மெயின்லைன் ஏற்பாட்டின்படி மீடியா, நெட்வொர்க் போன்ற சில பகுதிகளை மட்டும் பிளே வழியாகப் புதுப்பிப்பது. இயங்குதளத்தின் அடித்தளமான கர்னல், சிக்னலைக் கையாளும் மோடம், சிப்பை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவர் எதையும் அது தொடாது. முதல் தேதியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாதத்தின் 1-ஆம் தேதி என்று காட்டினால் ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதி மட்டும் திருத்தப்பட்டிருக்கிறது. 5 என்று காட்டினால்தான் கர்னலுக்கும் சிப் நிறுவனத்தின் டிரைவர்களுக்கும் வந்த அந்த மாதத் திருத்தங்களும் சேர்ந்திருக்கின்றன. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் போனில் இதையெல்லாம் எந்த வாடிக்கையாளர் பார்க்க முடியும்?

கைவிடப்பட்ட போனில் அடுத்து நடப்பதை வரிசையாகச் சொல்கிறோம். ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களில், உலகெங்கும் எண்ணற்ற இணையதளங்கள் பயன்படுத்தும் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் அமைப்பின் மூலச் சான்றிதழ் (ஒரு தளம் உண்மையானதா என்று போன் சரிபார்க்க உதவுவது) இல்லை. மாற்று ஏற்பாடாக இருந்த பழைய கையொப்பம் 2024 செப்டம்பர் 30-இல் காலாவதியானதும், அந்தத் தளங்கள் அந்தப் போன்களின் பல உலாவிகளிலும் செயலிகளிலும் பாதுகாப்பு எச்சரிக்கையோடு மூடிக்கொண்டன. தளத்திலும் பழுதில்லை, இணைப்பிலும் பழுதில்லை. மூலச் சான்றிதழ்ப் பட்டியல் இயங்குதளத்துக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டிருந்ததுதான் காரணம். ஆண்ட்ராய்டு 14-இல்தான் அதைப் பிளே வழியாகப் புதுப்பிக்கும் வழி வந்தது. 2025 ஆகஸ்டில் வந்த குரோம் 139-க்குக் குறைந்தது ஆண்ட்ராய்டு 10 வேண்டும். 8, 9 பதிப்புகளில் நிற்கும் போன்களில் குரோம் உறைந்துவிட்டது, செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூவும் அதோடு சேர்ந்து உறைந்துவிட்டது. ஷாப்பிங் செயலிக்குள்ளேயே வங்கியின் ஓடிபி பக்கம் திறக்கிறதே, அதைத் திறப்பது பெரும்பாலும் இந்த வெப்வியூதான். 2025 மே முதல் இன்னொன்றும் சேர்ந்தது. செயலிகள் போனின் நம்பகத்தைச் சோதிக்கும் பிளே இன்டெக்ரிட்டியில் மிக உயர்ந்த தகுதியைப் பெற, ஆண்ட்ராய்டு 13-உம் அதற்கு மேலும் உள்ள போன்களில் கடந்த 12 மாதங்களுக்குள் ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்திருக்க வேண்டும். அந்தத் தகுதியைக் கட்டாயமாகக் கேட்கும் செயலி, அப்டேட் நிறுத்தப்பட்ட போனைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடும். போனை வாங்கியவர் செய்த குற்றம் இதில் எதுவும் இல்லை.

பழைய வன்பொருள் புதிய பதிப்பைத் தாங்காது என்பது உற்பத்தியாளர்கள் சொல்லும் வழக்கமான பதில். அதில் ஒரு பகுதி உண்மை என்பதை நாங்கள் மறைக்கவில்லை. ஆண்ட்ராய்டு 12 முதல், எந்தச் செயலி எவ்வளவு டேட்டா செலவழிக்கிறது என்று கணக்கு வைக்கும் முறை மாறியது, 3.18 போன்ற பழைய கர்னல்களில் அதற்குத் தேவையான வசதி முழுமையாக இல்லை. பழைய போன்களில் சிஸ்டம் பகுதியின் அளவு நிலையாக வகுக்கப்பட்டது. புதிய பதிப்பு அதில் அடங்காவிட்டால் போனின் சேமிப்பகத்தையே மறுபடி பிரிக்க வேண்டும், நடுவில் பேட்டரி தீர்ந்தால் போன் போய்விடும். எளிய போன்களுக்கான கோ பதிப்புக்கே ஆண்ட்ராய்டு 13-இல் 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம் என்று ஆனது. ஒரு ஜிபி ரேம் கொண்ட போனுக்கு இன்று புதிய ஆண்ட்ராய்டு கேட்பது நியாயமில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

ஆனால் கைவிடப்படும் போன்களில் மிகப் பல இந்த வரம்புகளுக்குள் வருவதே இல்லை. 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த ட்ரெபிள் ஏற்பாடு, சிப் சார்ந்த டிரைவர் பகுதியையும் இயங்குதளத்தையும் பிரித்து வைத்தது. டிரைவரைத் தொடாமல் மேல்பகுதியை மட்டும் மாற்றலாம் என்பதே அதன் நோக்கம். அப்படியும் தடை எங்கே வருகிறதென்றால், சிப் நிறுவனம் ஒரு சிப்புக்கு எத்தனை ஆண்ட்ராய்டு பதிப்புகள் வரை டிரைவர் தருவது என்று முடிவு செய்யும் இடத்தில். சிப் நிறுவனமான குவால்காம் 2020 டிசம்பரில் கூகுளுடன் சேர்ந்து மூன்று பெரிய மேம்பாடுகள், நான்கு ஆண்டுப் பாதுகாப்பு என்று அறிவித்தது. 2025 பிப்ரவரியில் தன் ஸ்னாப்டிராகன் 8 எலைட் சிப்பில் தொடங்கி அதை எட்டு ஆண்டுகள் வரை நீட்டியது. வணிக முடிவு மாறியதும் காலம் இரட்டிப்பானது.

பேர்போன் 2 இதற்கு இன்னும் தெளிவான சான்று. 2015 இறுதியில் வந்த அந்தப் போனில் ஸ்னாப்டிராகன் 801 சிப், 2 ஜிபி ரேம். சிப் நிறுவனத்தின் ஆதரவு ஆண்ட்ராய்டு 6-ஓடு முடிந்துவிட்டது. அதைத் தயாரித்த பேர்போன் என்ற சிறிய நெதர்லாந்து நிறுவனம் தானே முயன்று ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுசென்று, 2023 மார்ச் வரை பாதுகாப்பு அப்டேட் தந்தது. ஆப்பிள் 2013-இல் வெளியிட்ட ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தம் அனுப்பியது. விலையும் தடையில்லை. 2024-இல் இந்தியாவில் இருபதாயிரம் ரூபாய்க்குக் குறைவாக வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு ஆறு பெரிய மேம்பாடுகள் அறிவிக்கப்பட்டன.

எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதில்தான் நுகர்வோர் அதிகம் ஏமாறுகிறார். மூன்று ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட் என்ற வாக்குறுதியோடு 2023 மார்ச்சில் ஒரு போன் அறிமுகமாகிறது என்று வைத்துக்கொள்வோம். 2024 தீபாவளித் தள்ளுபடியில் அதே போன் விலை குறைந்து நிறைய விற்கும். அப்போது வாங்கியவருக்கு மீதம் இருப்பது பதினேழு மாதம். அறிமுக நாளிலிருந்து எண்ணுவதால், காசு பார்த்து வாங்குகிறவருக்கே குறைந்த ஆயுள் கிடைக்கிறது. சிப்பின் வயதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2020-இல் வந்த ஹீலியோ ஜி85 சிப், 2023 இறுதியில் அறிமுகமான போனிலும் இருந்தது. பெட்டி புதிது, உள்ளே இருக்கும் சிப்போ ஏற்கெனவே மூன்று வயதைத் தாண்டியது.

இதைச் சரிசெய்யும் கருவி உங்கள் துறையிடமே இருக்கிறது. சட்டமுறை எடையளவுப் பிரிவு உங்களுடையது. பொதியப்பட்ட பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படிதான் ஒவ்வொரு போன் பெட்டியிலும் தயாரிப்பு மாதம், எம்ஆர்பி, புகார் எண் எல்லாம் அச்சாகின்றன. அதே ஸ்டிக்கரில், அதே எழுத்தளவில் மூன்று வரிகள் சேருங்கள்: எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு வரை மேம்பாடு, எந்த மாதம் எந்த ஆண்டு வரை பாதுகாப்பு அப்டேட், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அது வரும். கியூஆர் குறிக்குள் தள்ளிவிடக் கூடாது. ஆன்லைன் விற்பனைப் பக்கத்தில் விலைக்கு அருகிலேயே அது தெரிய வேண்டும். பழைய போனைக் கைமாற்றி வாங்குகிறவர்களுக்கும் பெட்டியில் இருக்கும் அந்த ஒரு தேதியே போதும்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எவ்வளவு காலம் வரும் என்று அறிவிப்பது கட்டாயம். அதற்குப் பிறகுதான் ஆப்பிள் ஐபோன் 15 புரோ மேக்ஸுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் என்று எழுத்தில் கொடுத்தது. அங்கே எழுதித் தர முடிந்த நிறுவனங்களுக்கு இங்கே எழுதித் தருவதில் என்ன சிரமம்? ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதியில், ஒரு மாடலின் விற்பனை முடிந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மூல நிரல் வெளியான நான்கு மாதங்களுக்குள் பாதுகாப்புத் திருத்தம் போனுக்கு வந்தாக வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அறிமுக நாளுக்குப் பதிலாக விற்பனை முடிந்த நாளை எடுத்ததுதான் அதன் உயிர்நாடி. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உற்பத்தியாளர் அப்டேட் வழங்கும்பட்சத்தில் என்று ஒரு நிபந்தனையும் அங்கே நுழைந்துவிட்டது. எதுவுமே வழங்காமல் தப்பிக்க அது வழி விடுகிறது. நம் விதியில் அந்த ஓட்டை வேண்டாம்.

குறியீட்டில் மென்பொருளுக்கு ஒரு தடைக்கல் வையுங்கள். விற்பனை முடிந்த பின் ஐந்து ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட்டுக்கு உறுதி தராத போன், மற்ற ஐந்திலும் முழு மதிப்பெண் வாங்கினாலும் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

ஆதரவு முடியும் நாளில் செய்ய வேண்டியதையும் விதியில் எழுதுங்கள். மாற்று மென்பொருளை ஏற்றவிடாமல் தடுக்கும் பூட்லோடர் பூட்டைத் திறக்கும் வழி, காத்திருப்பும் கணக்குப் பதிவும் இல்லாமல் உரிமையாளருக்குக் கிடைக்க வேண்டும். சில நிறுவனங்கள் அண்மையில் அந்த வழியையே மூடிவருகின்றன. கர்னல் மூல நிரலை வெளியிடுவது, அந்த நிரலோடு வரும் ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமத்தின்படி ஏற்கெனவே கடமை. நடைமுறையில் அது வராமலே போகிறது, அல்லது வெளியிட்ட மென்பொருளோடு பொருந்தாத நிரல் வருகிறது. கடைசி முழு மென்பொருள் கோப்பும் அதை ஏற்றும் கருவியும் நிறுவனத் தளத்தில் நிரந்தரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர்கள் யாரோ ஏற்றிவைத்த, வைரஸ் இருக்கிறதா என்றே தெரியாத கோப்புகளை நம்ப வேண்டியிருக்கிறது. பூட்லோடரைத் திறந்தால் போனில் உள்ள தகவல் அழியும், பல போன்களில் கட்டணப் படச் செயலிகளின் தெளிவு குறையும், கேமரா தரமும் இறங்கலாம். இவற்றை உரிமையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுவதே முறை.

வங்கிச் செயலிகளுக்கு இதில் ஒரு நியாயமான அச்சம் உண்டு. மாற்று மென்பொருள் ஏற்றிய போனை நம்பலாமா என்று கேட்கிறார்கள். தொழில்நுட்பத்தில் விடை இருக்கிறது. பிக்சல் போன்களில் உரிமையாளர் தேர்ந்த மென்பொருளின் டிஜிட்டல் கையொப்பச் சாவியைப் பதித்து பூட்லோடரை மறுபடி பூட்டலாம். அந்தச் சாவி எது என்பதை வன்பொருள் சான்று வழியாகச் செயலி சரிபார்க்கவும் முடியும். அத்தகைய போனில் இந்த மாதப் பேட்ச் கூட இருக்கலாம். ஆனால் பல செயலிகள் அதை மறுத்துவிட்டு, மூன்று ஆண்டுகளாக எந்தத் திருத்தமும் வராத பழைய போனை உள்ளே விடுகின்றன. ரிசர்வ் வங்கியோடும், யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐயோடும் பேசி இந்த முரணைத் தீர்க்க உங்கள் துறை முன்கை எடுக்க வேண்டும்.

மின்னணு அமைச்சகத்தின் கீழுள்ள இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், ஆண்ட்ராய்டில் புதிய ஓட்டைகள் தெரியவரும்போது எச்சரிக்கை வெளியிட்டு, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று மக்களுக்குச் சொல்கிறது. அப்டேட்டே வராத போனை வைத்திருப்பவர் அந்த அறிவுரையை எப்படி நிறைவேற்றுவார்? அந்த எச்சரிக்கைகளில், திருத்தம் கிடைக்காத மாடல்களின் பட்டியலை உற்பத்தியாளர்களிடம் கேட்டு வாங்கிச் சேர்க்கும்படி அவர்களுக்கு நீங்கள் எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். மடலின் நகல் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும் போகிறது.

இப்படிக்கு,
போன் பழுதுநீக்குவோரும் மென்பொருள் பணியாளர்களும்