எந்த போர்டு என்று கேட்டாயே

தாராபுரம்
தை 5

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. பொங்கலுக்கு நீங்கள் வராதது அவளுக்குக் குறைதான். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று நானே சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

போன வாரம் போனில், "கோயமுத்தூர் வந்ததும் தம்பியை எந்த போர்டில் சேர்க்கலாம், நீங்களே பார்த்துச் சொல்லுங்கப்பா" என்று கேட்டாய். 34 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனிடம் மகள் இப்படிக் கேட்பது சந்தோஷம்தான். அதோடு, "ஹாஸ்டல் இருக்கிற ஸ்கூலா இருந்தா நல்லது, நானும் அப்படித்தானே படிச்சேன்" என்றாய். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ வைத்துவிட்டாய். லைன் கட்டாகவில்லை, அம்மிணி.

சரி, போர்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

இப்போது என் பேரன் படிப்பது ஐசிஎஸ்இ. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் தனித்தனிப் பேப்பர், ஆங்கிலத்துக்கே இரண்டு பேப்பர். அவன் இங்கிலீஷ் நன்றாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கோயமுத்தூரில் அந்த போர்டு பள்ளிகள் குறைவு. நீ பார்த்திருக்கும் வீட்டிலிருந்து பக்கமாகவும் இருக்காது.

சிபிஎஸ்இ என்றால் மத்திய அரசின் என்சிஇஆர்டி போடுகிற புத்தகம். பார்க்க ஒல்லியாக இருக்கும், லேசாக நினைத்துவிடாதே. பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் 80 மார்க் பரீட்சைக்கு, 20 பள்ளியிலேயே போடுவது. கேள்விகளில் பாதி, ஒரு சூழ்நிலையைக் கொடுத்து யோசிக்கவைக்கிற மாதிரி வருகிறது. மனப்பாடம் செய்தவன் அங்கே திணறுவான். 2026லிருந்து பத்தாம் வகுப்புக்கு இரண்டு பரீட்சை. பிப்ரவரியில் எல்லாரும் எழுத வேண்டும். மார்க் போதவில்லை என்றால் மூன்று பாடம் வரை மே மாதம் மறுபடி எழுதலாம். இது நல்ல ஏற்பாடு, பிள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் வருஷமே போச்சு என்கிற பயம் குறையும். ஆனால் அங்கே ஒன்பதாம் வகுப்பிலேயே போர்டில் பெயர் பதிந்துவிடுவார்கள். பத்தில் போய்ச் சேர்க்கலாம் என்று இருந்தால் சிக்கல். மாற்றுவதென்றால் இந்த வருஷமே மாற்று.

நம் ஸ்டேட் போர்டை மட்டமாகப் பேசாதே, மாப்பிள்ளையும் பேச வேண்டாம். நீ படித்த பழைய புத்தகம் இல்லை இது. அண்ணா பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்த ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு போட்டு 2018லும் 2019லும் எல்லா வகுப்புக்கும் புதுப் புத்தகம் கொண்டுவந்தார்கள். பிளஸ் டூ பிசிக்ஸ் இரண்டு தொகுதி. ரிட்டயர் ஆன பிறகும் வாங்கிவந்து ராத்திரி உட்கார்ந்து கணக்குகளைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். குறை பரீட்சையில்தான். பாடத்தின் கடைசியில் இருக்கிற புக்-பேக் கேள்வியையும் பழைய கேள்வித்தாளையும் கரைத்துக் குடித்தால் மார்க் வந்துவிடும் என்கிற நிலை இன்னும் முழுதாக மாறவில்லை.

தம்பிக்கு ஒரு கஷ்டம் உண்டு. ஸ்டேட் போர்டில் தமிழ் கட்டாயம், 2006ல் வந்த சட்டம். போன லீவில் பஸ்ஸில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை அவன் கூட்டிக் கூட்டிப் படித்தான். ஒரு கணக்கு வாத்தியாரின் பேரன், தமிழ்ப் பண்டிதரின் கொள்ளுப்பேரன்! உன்னைத்தான் சொல்ல வேண்டும். இரண்டே வருஷத்தில் செய்யுளும் இலக்கணமும் எழுதிப் பாஸ் பண்ணு என்று அவனை நிறுத்துவது பாவம்.

இன்ஜினியரிங் என்றால் எந்த போர்டானாலும் இங்கே கவுன்சலிங்குக்கு பிளஸ் டூ மார்க்தான். கணக்குக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200. உன் காலத்தில் நுழைவுத் தேர்வு இருந்தது, கட்-ஆப் 300க்கு. 2007லிருந்து அது இல்லை. நீட், ஜேஇஇ என்று போனால் என்சிஇஆர்டியை வரிவரியாகப் படித்தவனுக்குக் கொஞ்சம் வசதி. ஆகவே இவனுக்கு சிபிஎஸ்இ பார்க்கலாம். வீட்டிலிருந்து போய் வருகிற பள்ளியாகப் பார். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, ராத்திரி வீட்டில் சாப்பிட்டுத் தூங்கட்டும்.

ஹாஸ்டல் மட்டும் வேண்டாம்.

நீ கேட்பாய், ஏன் என்று. உன்னை அனுப்பியவன் நான்தானே. பிளஸ் டூவில் 1200க்கு 1142 வாங்கினாயே, அந்தப் பள்ளி வாசலில் உன் போட்டோவை பேனரில் போட்டார்களே. தாராபுரம் முழுக்க இனிப்புக் கொடுத்தேன். இன்றைக்கும் என் பழைய சகாக்கள், "சார் பொண்ணு ஆயிரத்து நூத்தி நாப்பத்திரண்டு" என்றுதான் உன்னைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான், மறைக்கவில்லை.

ஆனால் அங்கே என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். நீ பிளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாதமே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். பிளஸ் ஒன் புத்தகத்தை நீ தொடவே இல்லை. லிமிட், டிஃபரன்சியல் கால்குலஸ் எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் இருந்தது. அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டிய கதை. காலேஜில் முதல் செமஸ்டர் கணக்கில் உனக்கு அரியர் விழுந்தது. "கணக்கு வாத்தியார் மகளுக்கு எம்-ஒன்னில் அரியரா" என்று போனில் கத்தினேன். உன் மேல் தப்பே இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கத்தினேன்.

இப்படிப் பாடத்தைத் தாண்டிப் போகிறார்கள் என்றுதான் 2017-18ல் பிளஸ் ஒன்னுக்கும் அரசு பொதுத்தேர்வு வைத்தது. மொத்த மார்க்கையும் 1200லிருந்து 600 ஆக்கினார்கள். பிள்ளைகளுக்குச் சுமை என்று 2025 ஆகஸ்டில் அந்த பிளஸ் ஒன் தேர்வை எடுத்துவிட்டார்கள். சுமை என்பது உண்மைதான். ஆனால் இனி பழையபடி பிளஸ் ஒன்னை விழுங்கிவிடுவார்களோ என்று எனக்கு பயமாக இருக்கிறது. சிபிஎஸ்இ ஹாஸ்டலிலும் போர்டு பாடம் ஒரு பக்கம், கோச்சிங் ஒரு பக்கம். காலை நாலரைக்கு எழுப்பி ராத்திரி பத்தரை வரை ஸ்டடி. அங்கே போர்டு எதுவானால் என்ன?

2011ல் சமச்சீர் கல்வி வந்தபோது ஜூன் முழுக்க, ஜூலை முழுக்க என் பிள்ளைகள் கையில் புத்தகமே இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வந்தது. அதுவரை கரும்பலகையில் எழுதிப் போட்டே சமாளித்தேன். ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலாகக் கிடந்தது ஒன்றானதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். "இனி கலெக்டர் பிள்ளைக்கும் கூலிக்காரர் பிள்ளைக்கும் ஒரே புத்தகம்" என்று ஸ்டாப் ரூமில் சத்தமாகப் பேசினேன். புதிதாக வேலைக்கு வந்த ஒரு டீச்சர், "உங்க பொண்ணு எங்க சார் படிச்சாங்க?" என்று கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

அம்மிணி, நீ ஹாஸ்டலிலிருந்து எழுதிய லெட்டர் எனக்குக் கிடைத்தது.

2002, காலாண்டுப் பரீட்சை முடிந்த வாரம். இன்லண்டு லெட்டரை நான் வேலை பார்த்த பள்ளி முகவரிக்கு அனுப்பியிருந்தாய். "எனக்கு இங்க தூக்கமே வரலப்பா. நம்ம ஸ்கூல்லயே படிக்கறேன். நீங்க எடுக்கற கணக்கு கிளாஸ்ல உக்காந்து படிக்கறேன். அம்மாகிட்டயும் சொல்லுங்க" என்று எழுதியிருந்தாய். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கரூரில் பஸ் மாறி உன்னைப் பார்க்க வந்தேன். முறுக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டு, "எப்படிப் போகுது படிப்பு" என்று கேட்டேன். நீ என் முகத்தையே பார்த்தாய். லெட்டர் வரவில்லை போல என்று நீ முடிவு செய்தது எனக்குத் தெரிந்தது. அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவும் கேட்டதில்லை, இந்த போர்டைத் தவிர.

பணத்துக்காக யோசித்தேன் என்று சொன்னால் பொய். கட்டிய பணம் போனால் போகிறது. என் வகுப்பில் உட்கார்ந்தால் நீ தேறுவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு என் பாடம் போதும், என் மகளுக்குப் போதாது என்று நினைத்தேன். நீ பரீட்சை எழுதிய அதே வருஷம், தமிழ் மீடியத்தில் என்னிடம் படித்த நெசவுக்காரர் மகள் கணக்கில் 200க்கு 200 வாங்கினாள். அந்த ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து உன் இனிப்பைத்தான் பங்கு போட்டேன்.

லெட்டர் என் பழைய லாக் டேபிள் புத்தகத்துக்குள் இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. "நம்ம பொண்ணு ஹாஸ்டல்ல சந்தோஷமாத்தான் இருந்தா" என்று போன மாதம்கூடப் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடட்டுமா என்று நீயே சொல்.

தம்பியிடம் ஹாஸ்டல் பற்றிக் கேட்டாயா? நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்துவிட்டு அவனிடம் சொல்வதை நான் சொல்லவில்லை. அவனைக் கேட்டாயா? பரீட்சை முடிந்ததும் பள்ளி திறக்கும் வரை இங்கே அனுப்பு. தமிழ் எழுத நான் சொல்லித் தருகிறேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் முதல் இரண்டு பாடத்தையும் பார்த்துவிடலாம், எந்த போர்டு புத்தகமாக இருந்தாலும்.

இது கிடைத்ததும் போன் செய். அம்மாவிடம் கொடுக்கச் சொல்லாமல் என்னிடமே பேசு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: டிசி வாங்கும்போது, வேறு மாநிலம் என்பதால் கல்வி அதிகாரியின் கையெழுத்தும் வேண்டுமா என்று இரண்டு பள்ளியிலும் கேட்டுக்கொள். கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.